கை நனைப்பதற்குள்

சாப்பிட்டுத்தான் போகணும்னு நானேதான் சொன்னேன். யாரும் என் வாயைப் பிடுங்கலை. சொல்லிட்டு அடுப்படிக்குள்ள வந்து காய்க்கூடையைக் கவுத்துப் பார்த்தா முருங்கைக்காய் ரெண்டு, அதுல ஒண்ணு முத்தல். தக்காளி நாலு, அழுகினதை வெட்டிப் போட்டா மூணரை. முட்டைக்கோசு பாதி. கொத்தமல்லித் தழை கேட்கவே வேண்டாம், வெறும் தண்டு. நாமக்கல்லுல குடியிருக்கறவளுக்கு ஒறம்பரை வந்தா என்ன கவலை, தெருவுக்குத் தெரு முட்டைதான், நாலு முட்டையை உடைச்சு ஊத்திக் குழம்பு வெச்சா வந்தவங்க விரலைச் சூப்பிட்டுப் போவாங்க. ஆனா இன்னைக்குன்னு பார்த்து வெள்ளிக்கிழமை. ஏஞ் சாமி, வர்றதே வர்றாங்க, ஒரு புதன்கிழமை வந்தா ஆகாதா? சரி, புலம்பி என்ன ஆகப்போகுது. பொன்னி அரிசி டப்பாவோட அடியில கொஞ்சம் இருக்குது, இந்த மாதிரி நாளுக்குன்னு எடுத்து வெச்சது. அதை வந்தவங்களுக்கும் இவருக்கும் வடிச்சிரலாம், எனக்கு நேத்து ரேஷன் அரிசிச் சோறு தண்ணி ஊத்தினது இருக்குது. பருப்புல ஒரு சொம்பு தண்ணி கூட விட்டு, தேங்காய்ச் சில்லு ஒண்ணை அரைச்சுக் கலந்துட்டா சாம்பார் கெட்டியாத்தான் தெரியும். ரசத்துக்குப் பூண்டைத் தூக்கலாத் தட்டிப் போட்டா தக்காளி பத்தலைன்னு யாருக்குத் தெரியப்போகுது. முத்தின முருங்கைக்காயை இவரு தட்டுல போட்டுக்கலாம், மென்னு துப்பட்டும். இருபது வருசமா இதே வித்தைதான். மூணு பேரு சமையலை ஆறு பேருக்கு இழுக்கறதுல எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குக்கர்ல பருப்பு ஏறிருச்சு. கோசைப் பொடியா நறுக்கணும், பொடியா நறுக்கினா அளவு கூடித் தெரியும்.

வந்திருக்கறது மூணு பேரு. பரமத்தி வேலூர்க்காரங்களாம். இவரு கணக்கு எழுதற லாரி புக்கிங் ஆபீசுக்கு வண்டி விடறவங்களாம். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவரு, பச்சைப் பட்டு கட்டின அவரு சம்சாரம், அவருக்கு மூத்த அக்கா ஒருத்தங்க, வயசானவங்க, அதிகம் பேசலை. "இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தோமுங்க, அப்படியே எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு" அப்படின்னாங்க. எட்டிப் பார்க்க வர்றவங்க பட்டு கட்டிக்கிட்டு வருவாங்களான்னு அப்பவே ஒரு நிமிசம் தோணுச்சு, அப்புறம் கோயிலுக்குப் போயிட்டு வந்திருப்பாங்கன்னு விட்டுட்டேன். காப்பி போடட்டுங்களான்னு கேட்டா வேண்டாம்னாங்க. தண்ணியாவது குடிங்கன்னா அதுவும் வேண்டாம்னாங்க. "இருக்கட்டுமுங்க, எல்லாம் ஒண்ணா அப்புறம் ஆகட்டும்"னு அந்த அக்கா சொன்னாங்க. சர்க்கரை வியாதியா இருக்கும்னு நெனச்சேன். பட்டுச் சேலைக்காரம்மா வாசல் கோலம் யாரு போட்டதுன்னு கேட்டாங்க. எம் புள்ளை மிருதுளான்னேன். படிக்கறாளாமே, என்ன படிக்கறாள்னாங்க. கெமிஸ்ட்ரி, ரெண்டாம் வருசம், இன்னைக்குப் பிராக்டிகல் பரீட்சைன்னு சொன்னேன், பெருமையாத்தான் சொன்னேன், மறைப்பானேன். இவரு நடு நடுவுல தொண்டையைச் செருமிக்கிட்டே இருந்தாரு. இவரு ஆபீசுக்குப் போகாததே எனக்கு ஆச்சரியம். ஒறம்பரைன்னாலே எங்கூட்டுக்காரரு சென்னியப்பனுக்கு ஆகாது, சொந்தத் தங்கச்சி வந்தாலே ரெண்டாம் டீ குடிக்கறதுக்குள்ள கடிகாரத்தைப் பார்ப்பாரு. இன்னைக்கு என்னடான்னா சலவை வேட்டி, நெத்தியில விபூதி, சிரிச்ச முகம். நேத்து சாயங்காலம் கேட்காமயே ஃபேனைத் துடைச்சாரு. நல்ல புத்தி வந்துருச்சுன்னு உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டேன், எனக்கு எங்க போச்சு புத்தி. அப்புறம் அவங்க மூணு பேரும் நேரமாச்சுங்கன்னு எந்திரிச்சாங்க. எந்திரிச்சவங்க நடக்கலை. நின்னாங்க. என் முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்பத்தான் நான் சொன்னேன், "அதெப்படிங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு வாய் சாப்பிடாம போறது, சாப்பிட்டுத்தான் போகணும்"னு. அந்தப் பெரியவரு அப்படிச் சிரிச்சாரு. "அம்மாவே சொல்லிட்டாங்க, அப்புறமென்ன"ன்னு உட்கார்ந்துட்டாரு. பட்டுச் சேலைக்காரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, கை சில்லுன்னு இருந்துச்சு. ஒரு சோத்துக்கு இவ்வளவு சந்தோசமான்னு எனக்கே கூச்சமாப் போச்சு. பாவம், நல்ல சனம்னு நெனச்சுக்கிட்டேன்.

இலை இல்லை. தட்டுல போடலாம்னா மூணு தட்டுல ஒண்ணு நசுங்கினது. தயிரும் நேத்தே தீர்ந்துருச்சு. பின்பக்கச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ராஜாமணி அக்கா வீடு, அவங்க வீட்டுல ரெண்டு வாழை நிக்குது. சாம்பாரை இறக்கி வெச்சுட்டு, சுவத்தோரம் போய் மெதுவாத்தான் கூப்பிட்டேன், உள்ள கேட்டா அசிங்கம். "அக்கா, மூணு இலை வேணும், தயிர் ஒரு கிண்ணம் இருந்தாக் கொடுங்க. திடீர்னு ஒறம்பரை வந்துட்டாங்க." ராஜாமணி அக்கா இடுப்புல கையை வெச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. "திடீர்னா? ஏங் கோகிலா, எங்கிட்டயே மறைக்கறியாக்கும்? கை நனைக்க வர்றாங்கன்னு உங்கூட்டுக்காரரு நேத்தே எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிட்டாரே. அஞ்சு இலையா அறுத்துக் கழுவித் துடைச்சே வெச்சுட்டேன், இந்தா." ஈரம் போகத் துடைச்சு, நரம்பு சீவி, சுருட்டி, வாழைநார்ல கட்டி வெச்சிருந்தாங்க. நான் வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டு நின்னேன். "நல்ல இடம்டி. பையன் பேருல ரெண்டு லாரி, குடி கிடையாது, என்ன, வயசு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், முப்பத்திமூணுங்கறாங்க, அதனால என்ன. தயிர் இரு, எடுத்தாறேன்"னு அவங்க உள்ள போனாங்க. எனக்குக் காதுக்குள்ள குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம். கை நனைக்கவா? யாரு கை? எதுக்கு? எங்க பக்கம் பொண்ணு பார்க்க வர்றவங்க அந்த வீட்டுல பச்சைத் தண்ணி கூடக் குடிக்க மாட்டாங்க. ரெண்டு பக்கமும் சரின்னு ஆனப்புறம், பொண்ணோட அம்மா வாயைத் திறந்து சாப்பிடுங்கன்னு சொன்னப்புறம்தான் அந்த வீட்டுச் சோத்துல கையை வெப்பாங்க. அதோட முடிஞ்சுது. தட்டு மாத்தறது, மோதிரம் போடறதெல்லாம் அப்புறம் ஆளைக் கூப்பிட்டு நடத்தற சடங்கு, முடிவு சோத்துலதான். கை நனைச்சப்புறம் மாறினா அந்த வீட்டுப் பொண்ணை வேற யாரும் கேட்டு வர மாட்டாங்க. காப்பி வேண்டாம், தண்ணி வேண்டாம், எல்லாம் ஒண்ணா அப்புறம் ஆகட்டும். அடக் கடவுளே. நின்னாங்களே, என் வாயைப் பார்த்துக்கிட்டு நின்னாங்களே. நான் சொல்லிட்டேனே.

ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது. அணைக்கணும். அணைச்சேன். தெருவுக்கே தெரிஞ்சிருக்குது, ராஜாமணி அக்கா வீட்டு வாழைமரத்துக்குக் கூடத் தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியலை. நேத்து ராத்திரி பக்கத்துலதானே படுத்திருந்தாரு. கால் வலிக்குதுன்னாரு, நான் தைலம் தேச்சுவிட்டேன். அப்ப அவரு மனசுக்குள்ள இதை வெச்சுக்கிட்டு, நாளைக்கு இவ கையாலயே ஆக்க வெச்சு இவ புள்ளையைக் கொடுத்துடலாம்னு நெனச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்னாரு. சாமி அலமாரியில ஜாதகம் இருக்குதான்னு பார்க்கணும். பார்த்தேன். இருக்குது. மஞ்சள் தடவின நோட்டு எங்கயும் போகலை, ஆனா நான் வெச்ச துணிப்பையில இல்லை, புது பிளாஸ்டிக் கவருக்குள்ள இருக்குது, கவருமேல ஜெராக்ஸ் கடை பேரு அடிச்சிருக்குது. போன ஆனியில, மிருதுளா முதல் வருசம் எல்லாப் பாடத்துலயும் பாஸ் பண்ணிட்டு வந்தப்ப, இதே அலமாரி முன்னாடி கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணாரு. பி.எஸ்ஸி., அப்புறம் பி.எட்., அவ கையில ஒரு வேலை, அதுவரைக்கும் ஜாதகத்தை வெளிய எடுக்க மாட்டேன்னாரு. உள்ளங்கை சுட்டு உதறினாரு, நான்தான் ஊதிவிட்டேன். எனக்கு மட்டும் என்ன புதுசு, என்னையும் இப்படித்தானே கொடுத்தாங்க. பிளஸ் ஒன் படிச்சுக்கிட்டிருந்தேன், பள்ளிக்கூடம் விட்டு வந்தா வீட்டுல யாரோ ஒறம்பரை, அம்மா சொன்னாங்க, முகத்தைக் கழுவிட்டு வந்து பரிமாறு கண்ணுன்னு. நானும் குனிஞ்சு குனிஞ்சு, இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுங்களான்னு கேட்டுக் கேட்டு ஊத்தினேன். அவங்க போனப்புறம் அம்மா சொன்னாங்க, "உன் கையால பரிமாறினதுல அவங்களுக்கு ரொம்பத் திருப்தி"ன்னு. எதுக்குத் திருப்தின்னு கேட்டேன். அப்பத்தான் சொன்னாங்க. விலங்கியல் நோட்டுல தவளைப் படம் பாதி வரைஞ்சிருந்தேன், மறுநாள் அதை முடிக்கணும்னு பென்சில் சீவி வெச்சிருந்தேன், அப்புறம் நான் பள்ளிக்கூடத்துக்கே போகலை. அம்மா மேல இருபது வருசமாக் கோவம். அம்மா தெரிஞ்சு செஞ்சாங்களோ, தெரியாம செஞ்சாங்களோ, கேட்கறதுக்கு இப்ப அம்மா இல்லை. ஆனா நாளைக்கு மிருதுளா என்னைக் கேட்பா. நீதானேம்மா சாப்பிடச் சொன்னேன்னு கேட்பா. எனக்குத் தெரியாதுடின்னு சொன்னா நம்புவாளா? நானா இருந்தா நம்ப மாட்டேன்.

போன் பண்ணினேன். ஸ்விட்ச் ஆஃப். பரீட்சை ஹாலுக்குள்ள இருப்பா, ஒரு கண்ணை மூடிக்கிட்டு பிப்பெட்டுல அளவு பார்த்துக்கிட்டு நிப்பா. துப்பட்டாவுல ஆசிட் பட்டு ஓட்டை விழுந்ததைத் தச்சுக் கொடுத்தேன், காலையில அதைத்தான் போட்டுக்கிட்டுப் போனா, ராசியான துப்பட்டாவாம். கால்ல விழுந்து விபூதி வாங்கிட்டுப் போனா, அவங்க அப்பன் கால்லயும் விழுந்தா, பாவி மனுசன் தலையில கையை வெச்சு நல்லா எழுதுன்னு அனுப்பினாரே. இப்ப என்ன பண்றது? சாம்பார்ல உப்பை அள்ளிக் கொட்டலாமா? கொட்டினா என்ன, ஒரு வாய் வெச்சாலும் வெச்சதுதான், கை நனைஞ்சதுதான். மயக்கம் போட்டு விழலாமா? நல்ல நேரம் பாரு விழறதுக்கு, ராஜாமணி அக்கா வந்து பரிமாறிட்டுப் போவாங்க. உள்ள போய் எங்களுக்கு இஷ்டமில்லைன்னு சொல்லலாம். சொன்னா இவரு, அவளுக்கு விளையாட்டுப் பேச்சுன்னு சிரிச்சு மழுப்பிட்டு அவரே கரண்டியைத் தூக்குவாரு. பொன்னி அரிசி வெந்துருச்சு. வடிக்கணும். கஞ்சியை வடிக்கறப்ப ஆவி முகத்துல அடிக்குது, அடிக்கட்டும், கண்ணுல தண்ணி வந்தா ஆவின்னு சொல்லிக்கலாம். சோறு என்னவோ பூவா வெந்திருக்குது. இப்படி ஒரு நாளும் அமைஞ்சதில்லை. கை பழக்கம், மனசு என்ன எரிஞ்சாலும் கை அதுபாட்டுக்குக் கடுகு தாளிக்குது, கோசுப் பொரியலைக் கிளறுது, ராஜாமணி அக்கா கொடுத்த தயிரைக் கலக்கின மோருல இஞ்சியைத் தட்டிப் போடுது. என் கை மேலயே எனக்கு ஆத்திரமா வருது.

இவரு உள்ள வந்தாரு. இலைக்கட்டைப் பார்த்தாரு, என் முகத்தைப் பார்த்தாரு, தெரிஞ்சு போச்சு. "ராஜாமணி சொல்லிட்டாளா?"ன்னாரு. மெதுவாத்தான் கேட்டாரு, பால்காரர் வந்தாச்சான்னு கேட்கற மாதிரி. "எப்பச் சொல்லலாம்னு இருந்தீங்க? தாலி கட்டற அன்னைக்கா?" "சத்தம் போடாதே. உள்ள கேட்கும்." "கேட்கட்டும்." "கோகிலா, நம்ம நிலைமைக்கு இந்த மாதிரி இடம் தானா வராது. ஒரு பவுன் வேணும்னு கேட்கலை. இன்னும் நாலு வருசம் அவ படிச்சு முடிச்சா யாரு வருவா?" "புள்ளையைக் கேட்டீங்களா?" "அவளுக்கு என்ன தெரியும்? சொன்னாக் கேட்டுக்குவா. கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கட்டும், அவங்க வேண்டாம்னா சொல்றாங்க?" "கற்பூரத்தை அணைச்சீங்களே." விபூதி வியர்வையில கரைஞ்சு மூக்குக்கு இறங்கிருச்சு. அப்புறம் சொன்னாரு, "ஜாதகத்தை வெளிய எடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன். ஜெராக்ஸ்தானே கொடுத்தேன்." எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நிசமா வந்துருச்சு, வாயைப் பொத்திக்கிட்டேன். இத்தனை வருசம் குடும்பம் நடத்தின மனுசன், சாமியையே ஜெராக்ஸ் கடையில ஏமாத்தப் பார்த்திருக்கறாரு, நான் எம்மாத்திரம். நான் சிரிக்கறதைப் பார்த்து அவருக்குத் தைரியம் வந்துருச்சு. இலைக்கட்டைக் கையில எடுத்துக்கிட்டாரு. "அதுவுமில்லாம, சாப்பிடச் சொன்னது நானா? நீதானே வாய் நிறையச் சொன்னே. சரி சரி, கண்ணைத் துடைச்சுக்கிட்டு சோத்தை எடுத்தா. பெரியவங்க காத்திருக்கறாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் சொல்லணும்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கறாரு. வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பறதுக்கு எனக்கு மனசு வராதுன்னு இவருக்குத் தெரியும். இருபது வருசமா இந்த வீட்டுல இல்லைங்கறதை வெளிய தெரியாம மூடி மூடி வெச்சேனே, பழைய சோத்தைக் குடிச்சுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டே வந்தவங்களுக்குப் பரிமாறினேனே, அதையெல்லாம் பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்கறாரு. என்கிட்ட இருந்த ஒரே நல்ல குணத்தைத் தூண்டிலாப் போட்டு என்னையே பிடிச்சுட்டாரு. வேற எதுல ஏமாத்தியிருந்தாலும் இவ்வளவு வலிச்சிருக்காது.

உள்ள இலை விரிக்கற சத்தம் கேட்குது. தண்ணி தெளிக்கறாங்க. பெரியவரு ஏதோ சொல்லிச் சிரிக்கறாரு, இவரும் கூடச் சிரிக்கறாரு, ரொம்பச் சத்தமாச் சிரிக்கறாரு. "கோகிலா, சோத்தை எடுத்தா." சோத்துப் போசியைத் தூக்கினேன். சூடு, கைப்பிடித் துணி இல்லாம தூக்கிட்டேன், கீழ வெச்சேன். மறுபடியும், "ஏம் புள்ள, கொண்டா." அந்த வாசல்படியைத் தாண்ட ஏழு அடி வெக்கணும். ஏழு அடி வெச்சா முடிஞ்சுது, ஒரு கரண்டி சோறு விழுந்தா முடிஞ்சுது. இலையில தண்ணி மட்டும்தான் இருக்குது இப்போ. இல்லைன்னு சொல்லலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னா ஊரு என்ன சொல்லும்? சென்னியப்பன் பொண்டாட்டி இலையைப் போட்டு உட்கார வெச்சுட்டு எந்திரிச்சுப் போகச் சொல்லிட்டாள்னு பரமத்தி வேலூர் வரைக்கும் சொல்லுவாங்க. ராஜாமணி அக்கா இனி ஒரு கறிவேப்பிலைக் கொத்து தர மாட்டாங்க. இவரு ஆபீசுல தலை நிமிர முடியாது, அதை ராத்திரிக்கு என் மேல காட்டுவாரு. காட்டட்டும். மானம் போகும். போகட்டும், யாரு மானம் அது, எனக்குன்னு அதுல எவ்வளவு இருந்துச்சு. முந்தானையில கையைத் துடைச்சேன். வெறுங்கையோட நடந்தேன். போயிட்டேன், நடு வீட்டுக்கு வந்துட்டேன், மூணு பேரும் இலைக்கு முன்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கறாங்க, மூணு பேரும் அண்ணாந்து என் கையைப் பார்க்கறாங்க. ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். "தப்பா நெனைக்காதீங்க. இந்த வீட்டுல இன்னைக்கு உங்களுக்குச் சோறு இல்லைங்க." இவரு, "ஏய்"னாரு. பெரியவரோட சிரிப்பு முகத்துலயே நின்னு போச்சு. பட்டுச் சேலைக்காரம்மா இவரைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. தாளிச்ச மணம் வீடு பூரா நிக்குது, ரசத்துப் பூண்டு, நெய், வெந்த அரிசி, எதையும் மூடி வெக்க முடியலை. அந்த மூத்த அக்காதான் மெதுவாக் கேட்டாங்க, கோவமில்லை, தெரிஞ்சுக்கக் கேட்கற மாதிரி கேட்டாங்க. "உள்ள சோறு வெந்த வாசம் வருதே அம்மிணி?"

"அது எம் புள்ளைக்கு வடிச்சதுங்க"ன்னேன். "பரீட்சை எழுதிட்டுப் பசியோட வருவா. அவ இன்னும் படிக்கணுமுங்க."

அந்த அக்கா இலையைக் கையால ஓரமா நகர்த்தி வெச்சாங்க. அப்புறம் தரையில கையை ஊனி எந்திரிச்சாங்க.